அம்மா இல்லாத முதல் பண்டிகைச் சாப்பாடு: செய்வதா, விடுவதா?

கேள்வி

அம்மா போனபின் முதல் பண்டிகை வரப்போகிறது. "எல்லாம் அம்மா செய்த மாதிரியே செய்வோம், ஒன்றுகூட குறையக் கூடாது" என்கிறாள் அக்கா. "ஒன்றுமே வேண்டாம், வெளியில் சாப்பிட்டுவிட்டு அவரவர் வீட்டுக்குப் போவோம்" என்கிறான் அண்ணன். அப்பா எதுவும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு பேர் சொல்வதும் எனக்கு நியாயமாகத்தான் படுகிறது. இதைத் தாண்டி வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அந்தச் சாப்பாட்டை என்ன செய்தீர்கள்?

மே 4, காலை

செய்யுங்கள். அண்ணனிடம் பக்குவமாகப் பேசி, வெளியில் சாப்பிடும் யோசனையைத் தள்ளிப்போடுங்கள். ஆனால் "அம்மா செய்த மாதிரியே" என்று அக்கா சொல்வதைப் பிடித்துக்கொண்டு இறங்கினால் அது வேறு விதமாக வலிக்கும்.

எங்கள் அம்மா போன வருஷம் நானும் அக்காவும் அப்படித்தான் இறங்கினோம். அதே பெரிய பாத்திரம், அதே கரண்டி, அம்மாவின் நோட்டில் இருந்த அதே அளவு. விடியும் முன்பே அக்கா அடுப்பைப் பற்றவைத்துவிட்டாள். எல்லாரும் உட்கார்ந்து முதல் வாய் வைத்தோம். யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி, ஆளாளுக்கு உள்ளுக்குள் ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம். கடைசியில் மாமாதான் மெல்ல, "எல்லாம் இருக்கு, ஏதோ ஒண்ணு இல்லை" என்றார். அக்கா எழுந்து அடுப்படிக்குப் போனாள். நெடுநேரம் வெளியே வரவில்லை.

மாமாவுக்குக் கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. அவர் தேடியது தன் தங்கையை. ஆனால் விடியற்காலையிலிருந்து கால் கடுக்க நின்றவள் காதில் அது எப்படி விழுந்திருக்கும்?

மே 4, இரவு

"அதே சாமான், அதே அளவு, பிறகு ருசி மட்டும் ஏன் வரவில்லை?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி (காளான், இறைச்சிச் சாறு போன்றவற்றில் வரும் ருசி) என்று அடிப்படைச் சுவை 5. நாக்குக்குத் தெரிவது இவ்வளவுதான். ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு வாசனை. மெல்லும்போது வாயின் பின்வழியாக அது மூக்குக்கு ஏறுகிறது. வாசனையைப் பிடிக்க மனித மூக்கில் சுமார் 400 வகை ஏற்பிகள் இருக்கின்றன. அவற்றுக்கான மரபணுக்களை 1991-ல் கண்டுபிடித்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவருக்கும் 2004-ல் நோபல் பரிசு கிடைத்தது. பார்ப்பதும் கேட்பதும் முதலில் தாலமஸ் என்ற இடத்தைத் தொட்டுத்தான் மூளையின் மேல்பகுதிக்குப் போகும். வாசனைக்கு அந்தச் சுற்று இல்லை. உணர்ச்சியையும் நினைவையும் கவனிக்கும் பகுதிகளுக்குப் பக்கத்திலேயே நேராகப் போய் இறங்குகிறது. வாசனையால் கிளம்பும் நினைவுகளில் பெரும்பாலானவை 10 வயதுக்கு முந்தையவை என்று ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள்.

சின்ன வயதில் நாம் சாப்பிட்டது பாத்திரத்தில் இருந்ததை மட்டுமல்ல. அடுப்படிப் புகை, ஈரத் துணி, குனிந்து பரிமாறும்போது அம்மாவின் மேலிருந்து வந்த வாசம், எல்லாம் அந்த ருசிக்குள் இருந்தன. நோட்டில் இதற்கெல்லாம் அளவு கிடையாது. ஆகவே உங்கள் அக்காவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: ருசி வராவிட்டால் அது அவள் கைக்குறை அல்ல.

மே 5

அந்த நோட்டைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. இந்த விஷயத்தில் என் மனசை மாற்றியதே அதுதான்.

அட்டை கிழிந்து, முதுகுக் கம்பி துருவேறிய பழைய நோட்டு. முதல் வருஷம் அளவு பார்க்க மட்டும்தான் திறந்தோம். கொஞ்ச காலம் கழித்து ஒரு மத்தியானம் நிதானமாக உட்கார்ந்து படித்தோம். இனிப்பு செய்யும் பக்கத்தின் ஓரத்தில் "12 பேர்" என்று எழுதி, ஒரு கோடு போட்டு அடித்திருந்தாள் அம்மா. அதன் கீழே 14. அதையும் அடித்து 11. பிறகு 9. பிறகு 7. கடைசியாக, கை நடுங்கிய எழுத்தில் 5.

நானும் அக்காவும் அந்த எண்களை வைத்துக்கொண்டு இருட்டும் வரை பேசினோம். 12 என்பது தாத்தா பாட்டி காலம். அக்காவின் கணவரும் கைக்குழந்தையும் சேர்ந்தபோது 14. அது 11 ஆனது ஏன்? தாத்தா போனதும், பெரியப்பாவும் பெரியம்மாவும் கோபித்துக்கொண்டு வராமல் நின்றதும் ஒரே வருஷம். எங்கள் குடும்பத்தில் யாரும் வாய்விட்டுப் பேசாத சண்டை அது. அம்மா மட்டும் 3 பேருக்கான மாவைக் குறைத்து எழுதி வைத்திருக்கிறாள்.

அளவுகளும் அப்படித்தான். சர்க்கரை எவ்வளவு என்ற இடத்தில் பழைய எண்ணை அடித்து, குறைத்து எழுதி, பக்கத்தில் "இவருக்கு" என்று ஒரு குறிப்பு. அப்பாவுக்குச் சர்க்கரை நோய் வந்த வருஷம். இன்னொரு பக்கத்தில் "உப்பு கம்மி, அண்ணனுக்கு". அது மாமாவின் ரத்த அழுத்தத்துக்காக. வேறொரு பக்கத்தில் "காரம் வேண்டாம், குழந்தைக்கு". கொஞ்ச வருஷம் கழித்து அதையும் அடித்திருக்கிறாள். குழந்தை வளர்ந்துவிட்டது.

இதில் எது "அம்மா செய்த மாதிரி"? அக்கா நாக்கில் இருப்பது காரம் தூக்கலாக இருந்த காலத்து ருசி. என் நாக்கில் இருப்பது காரமே இல்லாத வருஷங்கள். மாமா தேடியது இவை இரண்டுக்கும் முந்தைய, அவர் தாய் கைப்பக்குவத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒன்று. அம்மா எந்த வருஷமும் போன வருஷத்தைத் திருப்பிச் செய்யவில்லை. வந்து உட்காரப்போவது யார், அவர்கள் உடம்புக்கு என்ன, பல் இருக்கிறதா, குழந்தை என்ன சாப்பிடும் என்று பார்த்துப் பார்த்துச் செய்தாள். நாங்கள் பிடித்துக்கொண்டு தொங்கியது ஏதோ ஒரு வருஷத்து அளவை.

உங்கள் அக்காவுக்கு என் பதில் இதுதான். அம்மா மாதிரி செய்ய வேண்டுமானால், இந்த வருஷம் யார் வருகிறார்கள் என்று முதலில் எண்ணுங்கள்.

மே 5, மாலை

மேலே சொன்னதோடு ஒட்டிய ஒரு சமையல் விஷயம். 12 பேருக்குச் செய்த அகலப் பாத்திரத்தில் 5 பேருக்குச் செய்தால், எல்லாச் சாமானையும் அதே கணக்கில் சரியாகக் குறைத்தாலும் பதம் மாறும். பாத்திரத்தின் வாய் அகலம் அப்படியே இருக்க, உள்ளே இருப்பது மட்டும் குறைந்துவிடுவதால் தண்ணீர் சீக்கிரம் வற்றும், அடி பிடிக்கும், சர்க்கரை முன்னதாகவே நிறம் மாறும். சின்னப் பாத்திரத்துக்கு மாறுங்கள், தீயைக் குறையுங்கள், நேரத்தை நம்பாமல் பதத்தைப் பாருங்கள். "அம்மாவின் பெரிய பாத்திரத்தில்தான் செய்வேன்" என்று அக்கா அடம்பிடித்தால், செய்யட்டும். கூடுதலாகச் செய்து வந்தவர்களுக்குக் கட்டிக் கொடுத்துவிடலாம்.

மே 8

நான் எழுதியதை என் அக்கா படித்துவிட்டாள். காலையிலேயே போன். மாமா சொன்னது "ஏதோ ஒண்ணு இல்லை" அல்லவாம். "எல்லாம் இருக்கு, அவதான் இல்லை" என்றாராம். தான் எழுந்து போனது மனம் புண்பட்டு அல்ல, மாமா கண் கலங்கியதைப் பார்த்துத் தாங்க முடியாமல் போனதாம். "எத்தனை வருஷமா நீ இதை இப்படியா நினைச்சிட்டிருந்தே?" என்று கேட்டாள்.

இரண்டு பேருமாகச் சேர்ந்து மாமாவுக்குப் போன் போட்டோம். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "நான் எங்கே பேசினேன்? உங்கப்பாதானே சொன்னார்" என்றார். அப்பாவிடம் கேட்டால், "அன்னிக்கு மாமா வந்திருந்தாரா?" என்கிறார். போனை வைத்துவிட்டு அக்காவும் நானும் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

நினைவு என்பது எடுத்து வைத்த படம் இல்லை. கேம்பிரிட்ஜ் உளவியலாளர் ஃபிரெடெரிக் பார்ட்லெட் 1932-லேயே இதை எழுதினார். பழக்கமில்லாத ஒரு நாட்டுப்புறக் கதையைப் படிக்கக் கொடுத்து, நாள் கழித்து, மாதம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் கதை சுருங்கியது, புரியாத இடங்கள் உதிர்ந்தன, சொல்பவருக்குப் பழக்கமானவை உள்ளே வந்து உட்கார்ந்தன. சொல்லும்போதெல்லாம் புதிதாகக் கட்டுகிறோம் என்றார் அவர்.

அதனால் பண்டிகையன்று "அப்படி இல்லை, நீ தப்பாச் சொல்றே" என்று யாராவது ஆரம்பித்தால் தீர்ப்பு சொல்ல உட்காராதீர்கள். அக்காவுக்கு ஒரு அம்மா, அண்ணனுக்கு ஒரு அம்மா. அண்ணன் பிறந்தபோது உங்கள் அம்மாவுக்கு என்ன வயது? நீங்கள் பிறந்தபோது? ஒரே ஆளா அவர்? எல்லாக் கதையையும் சொல்லவிடுங்கள். முரண்பட்டால் முரண்படட்டும்.

மே 9

எல்லாரும் அக்கா, அண்ணன் பற்றியே கேட்கிறீர்கள். கேள்வியிலேயே என்னை உறுத்தியது "அப்பா எதுவும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்" என்ற வரி.

எங்கள் அப்பாவும் அப்படித்தான் இருந்தார். துக்கம், தனியாக விட வேண்டும் என்று நினைத்து யாரும் தொந்தரவு செய்யவில்லை. இரண்டாம் வருஷம் அக்காதான் பிடித்தாள். அம்மா இருந்தவரை, அடுப்பிலிருந்து எதை இறக்கும் முன்பும், "உப்பு பாருங்க" என்று ஒரு குரல் கொடுப்பாள். அப்பா எங்கே இருந்தாலும் எழுந்து வந்து வலது உள்ளங்கையைக் குழித்து நீட்டுவார். அம்மா கரண்டி நுனியிலிருந்து ஒரு சொட்டு விடுவாள். அவர் ஊதி, நக்கிப் பார்த்து, தலையை மட்டும் ஆட்டுவார். அந்த வீட்டில் பண்டிகையன்று அவருக்கு இருந்த ஒரே வேலை அது. அம்மா போனதும் அந்த வேலையும் போய்விட்டது. நாங்கள் எல்லாம் செய்துமுடித்து, அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, விருந்தாளிக்குப் பரிமாறுவதுபோலப் பரிமாறிக்கொண்டிருந்தோம்.

அந்த வருஷம் அக்கா அடுப்படியிலிருந்து, "அப்பா, உப்பு பாருங்க" என்றாள். முன்னறையில் சத்தமே இல்லை. பிறகு செருப்புச் சத்தம் கேட்டது. வந்து நின்று உள்ளங்கையை நீட்டினார். நக்கிப் பார்த்துவிட்டு, "பத்தலை" என்றார்.

உண்மையில் உப்பு சரியாகத்தான் இருந்தது. 60 வயதுக்கு மேல் பலருக்கு முகரும் திறன் குறைகிறது, சுவையும் மங்குகிறது. "முன்ன மாதிரி ருசியே இல்லை" என்று பெரியவர்கள் சொல்வதில் பாதி இதுதான். அவர் சொன்னபடி எல்லாவற்றிலும் உப்பைக் கூட்டினால் மாமாவுக்கு ஆகாது. அதனால் மாமாவுக்கு முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிட்டு, மற்றதில் அப்பா கண்முன்னால் ஒரு சிட்டிகை சேர்த்தாள் அக்கா. அவர் தலையாட்டினார். அன்று சாப்பிடும்போது நிறையப் பேசினார்.

உங்கள் அப்பாவிடம் "உங்களுக்கு என்ன வேணும்ப்பா?" என்று கேட்காதீர்கள். "ஒண்ணும் வேண்டாம்" என்றுதான் வரும். அம்மா இருந்தபோது அவர் என்ன செய்வார் என்று யோசியுங்கள். காய் வாங்கி வந்தாரா, தேங்கிய பாத்திரம் கழுவினாரா, சும்மா வாசலில் நின்று யார் வருகிறார்கள் என்று குரல் கொடுத்தாரா? எதுவாக இருந்தாலும் அந்த வேலையை அவர் கையில் திருப்பிக் கொடுங்கள்.

மே 12

வேறொருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் வீட்டில் யாரும் சாகவில்லை. தம்பி பேசாமல் இருக்கிறான், வருவதில்லை. எல்லாரும் உயிரோடு இருக்க, சாப்பாடு மட்டும் தொண்டையில் இறங்க மாட்டேன் என்கிறது. இதற்கு என்ன பெயர்?"

இதற்குப் பெயர் வைத்தவரே இருக்கிறார். பாலின் பாஸ் என்ற அமெரிக்கக் குடும்ப ஆலோசகர் 1970-களில், போரில் காணாமல்போன வீரர்களின் குடும்பங்களோடு பேசி, தெளிவில்லாத இழப்பு என்று ஒன்றைப் பற்றி எழுதினார். ஆள் இல்லை, ஆனால் போய்விட்டார் என்றும் சொல்ல முடியவில்லை. இதன் மறுபக்கமும் உண்டு: ஆள் எதிரே உட்கார்ந்திருக்கிறார், மறதி நோயால் உங்களை யாரென்று தெரியவில்லை. செத்தவருக்கு அழ வழி இருக்கிறது, நாலு பேர் வந்து விசாரிப்பார்கள். இதற்கு யாரும் விசாரிக்க வருவதில்லை. முடிவு தெரியாததுதான் இதில் பெரிய பாரம்.

எங்கள் பெரியப்பா விஷயத்தில் நான் பார்த்தது: அவர் பெயரை எடுத்தாலே பேச்சு நின்றுவிடும். பெயரைச் சொல்லாமல் சொல்லாமல் குழந்தைகளுக்கு அப்படி ஒருவர் இருந்ததே தெரியாமல் போயிற்று. இப்போது அவர் மகனோடு நான் பேசுகிறேன். "அப்பா ஒவ்வொரு பண்டிகைக்கும் அம்மாகிட்ட, 'அவங்க வீட்ல இந்நேரம் என்ன நடக்கும் தெரியுமா'ன்னு ஆரம்பிப்பார்" என்றான் அவன். அங்கே எங்கள் பெயர் ஓடியிருக்கிறது, இங்கே அவர் பெயரை மூடி வைத்திருந்தோம்.

தம்பிக்குச் செய்தி அனுப்புங்கள். ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டாம், வா என்று கெஞ்சவும் வேண்டாம். என்ன சமைக்கிறோம், எத்தனை மணிக்கு உட்காருகிறோம் என்று மட்டும். பதில் வராமல் போகலாம். சாப்பிடும்போது அவனுக்குப் பிடித்ததைப் பிடித்தது என்று சொல்லுங்கள். பெயர் புழக்கத்தில் இருக்கட்டும்.

மே 13

அண்ணி தன் பிறந்த வீட்டுப் பலகாரம் கொண்டுவந்தால் "இது நம்ம வீட்டு வழக்கம் இல்லையே" என்று ஒரு அத்தை எல்லாக் குடும்பத்திலும் சொல்வார். அந்த அத்தை சொல்வது வெறுப்பால் அல்ல, பயத்தால். இருப்பதும் கரைந்துபோகுமோ என்ற பயம். ஆனாலும் அண்ணியின் முகம் அதைக் கேட்டதும் எப்படி ஆகும் என்று பார்த்திருக்கிறேன். அந்தப் பலகாரத்தை முதலில் எடுத்துச் சாப்பிடுகிற ஆளாக நீங்கள் இருங்கள்.

மே 15

குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா, அழுகையும் துக்கமுமாக இருக்குமே என்று கேட்டவருக்கு: கூட்டிக்கொண்டு போங்கள்.

அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்து உளவியலாளர்கள் மார்ஷல் டியூக், ராபின் ஃபிவுஷ் இருவரும் 2000-களின் தொடக்கத்தில் குடும்பங்களின் சாப்பாட்டு நேரப் பேச்சைப் பதிவு செய்தார்கள். குழந்தைகளிடம் 20 கேள்விகள் கேட்டார்கள். தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள் தெரியுமா, அப்பா அம்மா எப்படிச் சந்தித்தார்கள் தெரியுமா, குடும்பத்தில் யாருக்காவது பெரிய கஷ்டம் வந்தது தெரியுமா என்ற மாதிரி. குடும்பக் கதை அதிகம் தெரிந்த குழந்தைகளுக்குத் தன்மதிப்பும், தன் வாழ்க்கை தன் கையில் என்ற எண்ணமும் கூடுதலாக இருந்தன. பதில்களை மனப்பாடம் செய்வித்தால் போதும் என்று அர்த்தம் இல்லை. யாராவது உட்கார்ந்து சொல்கிற வீடு என்பதுதான் விஷயம் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். எழுந்ததும் விழுந்ததும் மறுபடி எழுந்ததும் சேர்ந்த கதைகள்தான் குழந்தைகளைத் தாங்குகின்றன என்றும் டியூக் சொல்கிறார்.

அம்மாவைப் பற்றிச் சொல்லும்போது மகாலட்சுமி மாதிரி இருந்தாள் என்று மட்டும் சொல்லி முடிக்காதீர்கள். கோபம் வந்தால் பாத்திரத்தை எப்படி வைப்பாள் என்று சொல்லுங்கள். எந்த வருஷம் எல்லாம் தீய்ந்துபோய்ப் பட்டினி கிடந்தோம் என்று சொல்லுங்கள். என் அக்கா மகளுக்குப் பாட்டியைப் பற்றிப் பிடித்த கதையே, பண்டிகையன்று தாத்தாவோடு சண்டை போட்டு, சமைத்ததையெல்லாம் மூடி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்ட கதைதான். "அப்புறம் யார் சமாதானம் பண்ணினாங்க?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள்.

மே 19

செய்வதென்று முடிவாகிவிட்டது, அண்ணனும் வருகிறான், ஆனால் "அழுகிற கச்சேரி ஆக்கினால் பாதியில் எழுந்து போய்விடுவேன்" என்று சொல்லியிருக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல சேதி. அவன் பயம் நியாயமானது. நீங்கள் எல்லாரும் பேசித் தீர்த்துக்கொள்கிற ஆட்கள், அவனுக்கு அது வராது போலிருக்கிறது. அவனுக்கு ஓடியாடுகிற வேலை கொடுங்கள். அழுகை வந்தால் எழுந்து போக ஒரு சாக்கு வேண்டும், அவ்வளவுதான்.

ஒன்றே ஒன்றில் கண்டிப்பாக இருங்கள். நகை, வீடு, ஆஸ்பத்திரிச் செலவில் யார் எவ்வளவு போட்டது, இந்தப் பேச்சை அன்று யாரும் எடுக்கக் கூடாது. வேறு நாள் குறித்துவிடுங்கள், எல்லாருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் சாப்பிட்டுக் கை காயும் முன்பே ஒரு சித்தப்பா அதை ஆரம்பித்தார். ஒரு நாளில் உச்சமாக இருந்ததும் கடைசியாக நடந்ததும்தான் மனசில் தங்கும் என்று உளவியலாளர் டேனியல் கானமன் 1990-களில் சோதனை செய்து காட்டினார். அந்த வருஷம் என்ன சாப்பிட்டோம் என்று கேட்டால் எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை. சித்தப்பா சொன்ன தொகை மட்டும் எல்லாருக்கும் நினைவிருக்கிறது.

பிறகு, யார் எதைச் செய்வது என்பதை இன்றைக்கே பெயர் போட்டு எழுதிவிடுங்கள். வாங்குவது, நறுக்குவது, அடுப்பு, பரிமாறுவது, கழுவுவது எல்லாம். கழுவுகிற வேலையில் ஆண்கள் பெயரையும் போடுங்கள். "அன்னிக்குப் பார்த்துக்கலாம்" என்று விட்டால் அத்தனையும் உங்கள் அக்கா தலையில்தான் விழும்.